செங்கல் நூலகமும் சுரங்கப்பாதையும்



ஃபோர்ட் கேனிங் குன்றின் அடியில் செல்லும் சுரங்கப்பாதையின் நீளம் 350 மீட்டர். வாகனத்தில் சென்றால், வானொலியில் ஒரு விளம்பரம் முடிவதற்குள் மறுபுறம் வந்துவிடலாம். 2007ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு வழிவிடுவதற்காகத்தான் ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் இருந்த பழைய தேசிய நூலகக் கட்டடம் இடிக்கப்பட்டது. இன்று நம்மிடம் பயிலும் மாணவர்கள் எல்லாரும் அது மறைந்த பின் பிறந்தவர்கள். அப்படியொரு கட்டடம் இருந்ததென்பதே அவர்களுள் பலருக்குத் தெரியாது. அதைக் காப்பாற்ற மக்கள் குரல் கொடுத்தார்கள் என்பது அதைவிடவும் தெரியாது.

"சிங்கப்பூரில் வீடோ சாலையோ கட்ட அரசாங்கம் முடிவெடுத்துவிட்டால் எவரும் எதிர்த்துப் பேசுவதில்லை" என்று மாணவர்கள் கட்டுரைகளில் எழுதுவதைப் பார்க்கிறேன். பெற்றோர்களும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். நம் நாட்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எதிர்ப்பு இருந்தது. ஆனால் அது எந்த நேரத்தில் எழுந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பழைய நூலகத்தின் கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழாசிரியர்களுக்கு இக்கதையில் தனிப்பட்ட உரிமையும் உண்டு. ஏன் என்பதைக் கீழே காண்க.

பிரிட்டிஷார் ஆட்சியில் இங்கிருந்த ராஃபிள்ஸ் நூலகம் சந்தா செலுத்துவோருக்கானது. அதன் நூல்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். ஆங்கிலம் அறியாத சீனருக்கோ மலாய்க்காரருக்கோ தமிழருக்கோ அங்கே வேலையில்லை. இந்நிலையில் 1953ஆம் ஆண்டு, ரப்பரிலும் அன்னாசியிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய வணிகர் லீ கோங் சியான், புதிய பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாக முன்வந்தார். வெறுமனே தரவில்லை, நிபந்தனை விதித்தார். நூலகம் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். இம்மண்ணின் மக்கள் பேசும் மொழிகளுக்கு அங்கே இடம் வேண்டும். அந்த இரண்டாவது நிபந்தனையின் நிழலில்தான் மலாய், சீன நூல்களோடு தமிழ் நூல்களும் தேசிய நூலகத்தின் அடுக்குகளில் உரிமையோடு அமர்ந்தன. ஒரு சீனச் செல்வரின் கொடையில் தமிழுக்கும் பங்கு கிடைத்தது என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். இதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

1957 ஆகஸ்ட்டில் லீ கோங் சியானே அடிக்கல் நாட்டினார். பொதுப்பணித் துறையைச் சேர்ந்த லயனல் பிண்ட்லி கட்டடத்தை வடிவமைத்தார். 1960 நவம்பர் 12ஆம் நாள் அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக் அதைத் திறந்து வைத்தார். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று ஓராண்டே கடந்திருந்த காலம் அது.

திறந்தபோது அக்கட்டடத்தைப் பலருக்குப் பிடிக்கவில்லை! பக்கத்திலேயே வெண்ணிறத்தில், குவிமாடத்துடன் அரும்பொருளகம் கம்பீரமாக நிற்கிறது. அதற்கருகில் இந்தச் சிவப்புச் செங்கல் பெட்டி பொருந்தவில்லை என்று குறை கூறினார்கள். பிற்காலத்தில் எந்தச் செங்கற்களுக்காக மக்கள் கண்ணீர் விட்டார்களோ, அதே செங்கற்கள்தாம் தொடக்கத்தில் ஏளனத்துக்கு உள்ளாயின. ஒரு கட்டடம் அழகாக இருப்பதால் மட்டும் மக்கள் அதை நேசிப்பதில்லை. அதற்குள் எதைச் செய்தார்கள் என்பதே கணக்கு. அடுக்குமாடி வீடுகளில் ஓர் அறையில் நான்கு பேர் உறங்கிய காலத்தில், தேர்வுக்குப் படிக்க மேசையும் நாற்காலியும் மின்விசிறியும் கிடைத்த இடம் அது. காசு கேட்காத இடம். நானும் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் அங்கேதான் என் முதல் தமிழ் நாவல்களை இரவல் பெற்றேன். அவற்றின் பின்னட்டையில் ஒட்டியிருந்த தாளில், எனக்கு முன் படித்தவர்களின் தேதி முத்திரைகள் வரிசையாக இருக்கும். நமக்கு முன் யாரோ இதைப் படித்திருக்கிறார் என்று அறிவதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. நிற்க.

1997ஆம் ஆண்டு நூலகத்தை மூடிச் செப்பனிட்டு, புதுப்பொலிவுடன் மீண்டும் திறந்தார்கள். பணம் செலவழித்துப் புதுப்பித்த கட்டடத்தை எவரேனும் இடிப்பார்களா? மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் நகரத் திட்ட வரைபடங்களில் நிலைமை வேறாக இருந்தது. மெரினா பகுதிக்கும் ஆர்ச்சர்ட் சாலைக்கும் இடையே போக்குவரத்தை எளிதாக்க ஸ்டாம்ஃபோர்ட் சாலையைத் திருத்தி அமைத்து, குன்றைக் குடைந்து பாதை போடும் எண்ணம் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. அந்தப் பாதையின் வாயில் சரியாக நூலகத்தின் மேல் வந்து விழுந்தது. இது இரகசியமன்று. ஆனால் வரைபடம் படிக்கத் தெரிந்த சிலரைத் தவிர வேறு யார் அதைப் பார்த்தார்கள்?

புதிதாகத் தோன்றிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்குப் பிராஸ் பாசா வட்டாரத்தில் வளாகம் அமைக்க முடிவாயிற்று. அவ்வளாகத்தைப் பற்றி 1999 மார்ச்சில் பொதுக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசக் கூடிய இடத்தில்தான் நூலகம் போகப்போகிறது என்ற செய்தி பொதுமக்கள் காதில் உறைக்கும்படி விழுந்தது. அதன் பிறகு எழுந்தது நாம் எதிர்பாராத அலை.

அந்த அலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை. கடிதங்கள் இருந்தன. நாளிதழ்களின் வாசகர் பகுதிகளுக்கு மாதக்கணக்கில் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசியல்வாதிகள் அல்லர், வல்லுநர்களும் அல்லர். அங்கே படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள், தந்தையின் கைபிடித்து முதன்முதலில் அங்கே சென்றவர்கள், வாசற்படியில் நண்பருக்காகக் காத்திருந்தவர்கள். "எங்கள் நினைவுகளுக்கு விலை என்ன?" என்பதே அக்கடிதங்களின் சாரம். வழக்கமாக எதற்கும் கருத்துச் சொல்லாத மக்கள் திடீரென்று ஒரு கட்டடத்துக்காகப் பேசியது ஆட்சியாளர்களுக்கும் வியப்பாக இருந்திருக்கும்.

சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் இதைப் பொதுவிவாதமாக வளர்த்தது. குவோக் கியான் வூன், ஹோ வெங் ஹின், டான் கார் லின் ஆகிய மூவரும் தொகுத்து, நூலகத்தையும் நினைவுகளையும் பற்றிய ஒரு நூல் 2000ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் சார்பில் வெளிவந்தது. ஒரு நகரில் எதை மறக்கலாம், எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியை அந்நூல் எழுப்பியது.

கடிதம் எழுதியதோடு நில்லாதவர் கட்டடக் கலைஞர் டே கெங் சூன். "இடிக்காதீர்கள்" என்று கேட்பது எளிது. "இடிக்காமல் எப்படிச் செய்வது" என்று காட்டுவது கடினம். அவர் இரண்டாவதைச் செய்தார். சுரங்கப்பாதையின் போக்கை மாற்றி, நூலகத்தை விட்டுவைத்து, பல்கலைக்கழகத்துக்கும் இடம் தரும் மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்து 2000 ஜனவரியில் மக்கள் முன் வைத்தார். எதிர்ப்பின் வரலாற்றில் இதை நான் மிக முக்கியமான கட்டமாகக் கருதுகிறேன். அதுவரை விவாதம் நினைவுக்கும் வளர்ச்சிக்கும் இடையே நடந்தது. அவருடைய வரைபடத்துக்குப் பிறகு அது ஒரு வரைபடத்துக்கும் இன்னொரு வரைபடத்துக்கும் இடையே நடந்தது.

2000 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான் முடிவைத் தெரிவித்தார். திட்டம் மாறாது, நூலகம் போகும். பாதுகாக்கத்தக்க கட்டடக்கலைச் சிறப்பு அதற்கு இல்லை என்பது அதிகாரிகளின் நிலைப்பாடு. சாலைத் தேவையோ கண்கூடு.

இரு தரப்பையும் எண்ணிப் பார்ப்பதுதான் நியாயம். நூலகம் இடநெருக்கடியில் தவித்தது உண்மை. பெரிய புதிய நூலகம் எப்படியும் தேவைப்பட்டது. நகர நடுவில் பல்கலைக்கழகம் வந்ததால் அவ்வட்டாரத்துக்கு மீண்டும் மாணவர் கூட்டம் திரும்பியது. ஆனால் "கட்டடக்கலைச் சிறப்பு இல்லை" என்ற வாதம் அன்றும் எனக்கு ஏற்புடையதாக இல்லை, இன்றும் இல்லை. மக்கள் கேட்டது ஒன்று. கிடைத்த விடை வேறொன்று. அக்கட்டடம் அழகானது என்று எவரும் பெரிதாக வாதாடவில்லை. அது தங்களுடையது என்றுதான் சொன்னார்கள். பயண நேரத்தை நிமிடத்தில் அளக்கலாம். ஓர் இடத்தின் மேல் மக்கள் கொண்ட உரிமையுணர்வை அளக்க அன்று அலுவலகங்களில் கருவி இல்லை. அளக்க முடியாததைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்கள்.

2004 மார்ச் 31 நூலகத்தின் கடைசி நாள். திரளான மக்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு விடைபெற்றனர். பின்னர் கட்டடம் இடிக்கப்பட்டது. நுழைவாயிலின் இரு செங்கல் தூண்கள் மட்டும் பழைய இடத்தருகே விடப்பட்டன. எஞ்சியவற்றிலிருந்து 5,000 செங்கற்களை எடுத்து, விக்டோரியா ஸ்திரீட்டில் எழுந்த புதிய நூலகத்தில் ஒரு நினைவுச் சுவராக அடுக்கினார்கள். மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்த 16 மாடிக் கட்டடம் அது. 2005 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிபர் எஸ்.ஆர். நாதனால் அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. பழைய நூலகம் திறக்கப்பட்டு அன்றோடு சரியாக 45 ஆண்டுகள். அங்கே உள்ள மேற்கோள் நூலகத்துக்கு லீ கோங் சியானின் பெயரே சூட்டப்பட்டுள்ளது; அவர் நிறுவிய லீ அறநிறுவனம் புதிய நூலகத்துக்காக 60 மில்லியன் வெள்ளி வழங்கியது. தமிழ் நூல்களைத் தேடும் ஆசிரியருக்குப் பழைய கட்டடத்தைவிடப் புதியதில் வசதி பன்மடங்கு அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அந்த எதிர்ப்பு முற்றிலும் வீணா? இதற்கு விடை நூலகத்திலிருந்து வெகு தொலைவில், புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் கிடைத்தது.

அம்முனையில் உள்ள செக் ஜாவா கரையோரத்தைக் கடல்நீர் வற்றும் நேரத்தில் சென்று பார்த்தால், மணல்திட்டும் கடற்புல் வெளியும் சதுப்புநிலக் காடும் ஒருங்கே தெரியும். அதை நிலமீட்புக்காக மூடிவிடத் திட்டமிட்டிருந்தார்கள். 2001ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைக் கணக்கெடுத்தனர். பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டினர். குடும்பம் குடும்பமாக மக்கள் தண்ணீரில் இறங்கி நட்சத்திர மீன்களைப் பார்த்தார்கள். மீண்டும் கடிதங்கள் பறந்தன. 2001 டிசம்பரில் நிலமீட்பு நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தியவர் யார்? நூலகத்தை விட்டுக்கொடுக்க மறுத்த அதே அமைச்சர் மா பாவ் டான்! வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரையில் செக் ஜாவா விட்டுவைக்கப்படும் என்பதே வாக்குறுதி. நிரந்தரப் பாதுகாப்பு அன்று. ஆயினும் 2007ஆம் ஆண்டில் அங்கே மரநடைபாதை திறக்கப்பட்டது. இன்றும் பள்ளிகள் மாணவர்களை அழைத்துச் செல்கின்றன.

நூலகத்துக்காக எழுந்த குரல்தான் செக் ஜாவாவைக் காப்பாற்றியது என்று நேர்க்கோடு போட நான் துணியமாட்டேன். அங்கே குறுக்கே நின்ற சாலை எதுவும் இல்லை. காத்திருப்பதற்கு அரசாங்கத்துக்கு வசதி இருந்தது. நூலகத்தின் நிலத்துக்கோ சாலையும் பல்கலைக்கழகமும் காத்திருந்தன. ஆனால் கடிதம் எழுதிய மக்களுக்கும் அவற்றைப் படித்த அதிகாரிகளுக்கும் இடையே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

அந்தப் பழக்கத்தின் எல்லை எது என்பதைப் புக்கிட் பிரவுன் காட்டியது. 1922ஆம் ஆண்டு சீனர்களுக்கான நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்டு, 1973இல் மூடப்பட்ட இடம் அது. ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். மேலே அடர்ந்த மரங்கள். 2011 செப்டம்பரில் அதன் ஊடே எட்டுத் தட நெடுஞ்சாலை அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அவ்வட்டாரமே பின்னாளில் வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் தெரிய வந்தது. மரபுடைமைச் சங்கமும் இயற்கைச் சங்கமும் எதிர்த்தன. தன்னார்வலர்கள் வார இறுதிகளில் மக்களைக் கல்லறைகளுக்கு இடையே அழைத்துச் சென்று வரலாறு சொன்னார்கள். அங்குள்ள சில சீனர் கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகையுடன் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. பன்மொழிச் சமூகத்தைப் பற்றிப் பாடம் நடத்த இதைவிடச் சிறந்த படம் எங்கே கிடைக்கும்?

2012 மார்ச்சில் சாலையின் இறுதி வடிவம் வெளியாயிற்று. 3,746 கல்லறைகள் அகற்றப்படும் என்றார்கள். முடிவெடுத்த பிறகு தெரிவிப்பதைக் கலந்தாலோசனை என்று அழைக்கலாமா எனக் குழுக்கள் கேட்டன. 1999இல் நூலகத்துக்காகக் கேட்கப்பட்ட அதே கேள்வி. சாலை நிற்கவில்லை, 2018 அக்டோபரில் லோர்னி நெடுஞ்சாலையாகத் திறக்கப்பட்டது. ஆனால் இம்முறை சில வேறுபாடுகள் இருந்தன. தோண்டுவதற்கு முன் கல்லறைகளை ஆவணப்படுத்த மானிடவியலாளர் ஹுய் யூ ஃபூங் தலைமையில் குழு அமைக்கப்பட்டது; அப்பணிக்கு அரசாங்கமே துணை நின்றது. விலங்குகள் கடந்து செல்லவும் ஓடை தடைபடாதிருக்கவும் சாலையின் ஒரு பகுதியைப் பாலமாக உயர்த்திக் கட்டினார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் 2014ஆம் ஆண்டுக்கான தன் கண்காணிப்புப் பட்டியலில் புக்கிட் பிரவுனைச் சேர்த்தது. நூலகத்துக்கு இவற்றில் ஒன்றும் கிட்டவில்லை.

இங்கே நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். அப்பர் சிராங்கூன் சாலையில் இருந்த பிடாடாரி இடுகாட்டில் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் மட்டுமன்றி இந்துக்களுக்கும் பகுதி இருந்தது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. இன்று அது வீடமைப்புப் பேட்டை. நமக்குத் தெரிந்த குடும்பங்கள் சில அங்கே குடியேறியும் உள்ளன. புக்கிட் பிரவுனுக்கு எழுந்ததைப் போன்ற எதிர்ப்பு பிடாடாரிக்கு எழவில்லை. அங்கே அடக்கமானவர்களின் வரலாறு குறைந்த மதிப்புடையதா? இல்லை. அதைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்ல, தோண்டுவதற்கு முன்பு, போதிய ஆட்கள் வரவில்லை. நம் சமூகத்தில் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், சங்கம் வைத்து நடத்துபவர்களுக்கும் பஞ்சமா என்ன? வீடுகள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. நானும் வீவக வீட்டில்தான் குடியிருக்கிறேன். ஒவ்வோர் அடுக்குமாடியும் ஏதோ ஒன்றன் மேல்தான் நிற்கிறது. அது எதன் மேல் நிற்கிறது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டாமா என்பதே என் ஆதங்கம்.

இனி, ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தி. நாட்டின் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது. வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2025 ஜூனில் ஒரு வரைவு வெளியானது. பெருந்திட்ட வரைபடத்தை ஆணையத்தின் இணையத்தளத்திலும் காணலாம். எங்கள் வகுப்பில் உயர்நிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் அதைக் காட்டி, ஒவ்வொருவரும் தத்தம் புளோக்கைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பிறகு பக்கத்து மைதானம், கோயில், காப்பிக்கடை, தாத்தா வீடு. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று விளக்கக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. தான் தினமும் பந்து விளையாடும் திடல் வரைபடத்தில் பசுமையாக இல்லை என்பதை ஒரு மாணவன் கண்டுபிடித்தான். "சார், இங்கே என்ன வரும்?" என்று கேட்டான். அதைத் தமிழில் ஆணையத்துக்கு ஒரு கடிதமாக எழுதச் சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்தில் இருக்கிறதே! அடுத்த வாரம் பிழை திருத்திக் கொடுக்க வேண்டும்.